கண்ணாடிக்குள் வாடும் கடற்சாமந்தி

உலகத்து உயிர்களுள் துன்புற்ற காலத்து வாய்விட்டு அரற்றுவனவும் உள; அரற்றாது வாடுவனவும் உள. அரற்றுவனவற்றின் துயரை யாவரும் எளிதில் அறிவர். கன்று கதறினால் தாய்ப்பசு மட்டுமன்றி அயல்வீட்டாரும் ஓடி வருவர். வாயிருந்தும் குரலில்லாத உயிர்க்கு நேரும் இடுக்கணை அறிவார் யார்? அத்தகைய உயிர்களுள் ஒன்றாகிய கடற்சாமந்தி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மெலிவுற்ற காலத்து அதனை மீட்கும் முறையைப் பற்றியும், அம்முறை நமக்கு உணர்த்தும் கடமையைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த வறண்ட நாட்டிலிருந்துகொண்டு கடலுயிரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் நகைக்கலாம். எம் நாடு வானத்தை நோக்கி வாழும் நாடு. கரிசல் மண்ணிற் பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் விளையும். மழை பொய்த்த ஆண்டில் அவையும் விளையா. கண்மாய்கள் ஆண்டிற் பல திங்கள் வறண்டு கிடக்கும். அவற்றின் கரைகளிற் சீமைக் கருவேலம் மண்டியிருக்கும். குண்டாற்றிற் பெரும்பாலும் காண்பது மணலே. திருச்சுழி என்னும் பெயர்க்கு அவ்வூர்த் தலபுராணம் கூறும் காரணம் ஈண்டு நினைவுகூரத் தக்கது. முன்னொரு காலத்துப் பெருவெள்ளம் ஒன்று எழுந்ததாகவும், இறைவன் அதனைச் சுழித்து நிலத்துள் இறங்கச் செய்ததாகவும் அப்புராணம் கூறும். வெள்ளம் சுழித்து மறைந்த அந்நாட்டில் இன்று மக்கள் குடங்களோடு குழாயடியிற் காத்து நிற்கின்றனர்.

எனினும், கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையை நீரிற் கரைத்துச் சிறு கடல் ஒன்றைக் கண்ணாடிக்குள் ஆக்கி, அதனுள் வண்ண மீனும் கடற்சாமந்தியும் வளர்க்கும் வழக்கம் கடலுக்குத் தொலைவான ஊர்களிலும் இந்நாளில் தோன்றியுள்ளது. எம் ஊரும் அதற்கு விலக்கன்று. நெய்தல் நிலத்துக் கருப்பொருளைக் கரிசற் காட்டுக்குக் கொணர்ந்து வைத்தோம். இவ்வாறு திணை மாறி வந்த உயிரைக் காக்கும் கடன் யாருடையது? கொணர்ந்தோருடையதே என்பது எம் துணிபு.

கடற்சாமந்தி பெயரளவிற் பூ; உண்மையில் அது விலங்கினத்தைச் சேர்ந்தது; பவளத்திற்கும் இழுதுமீனுக்கும் உறவினது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு பற்றி ஆறு வகையாகப் பகுத்தார். தொடுவுணர்வு ஒன்றே உடைய புல்லும் மரமும் ஓரறிவுயிர். அதனோடு சுவையுணர்வும் உடைய நத்தை முதலியன ஈரறிவுயிர். மூக்கும் கண்ணும் செவியும் மனமும் ஒவ்வொன்றாய்க் கூட ஏனைய வகைகள் அமையும். அப்பகுப்பிற் கடற்சாமந்தியை வைப்பின் ஈரறிவுயிரோடு வைத்தல் பொருந்தும் போலும். அது தீண்டலை அறியும். நீரிற் கரைந்து வரும் இரையின் சுவையை அறியும். அதற்குக் கண்ணில்லை, செவியில்லை, மூளையுமில்லை. உடல் முழுதும் வலைபோற் பரந்த நரம்புகளே உண்டு. ஆறறிவு படைத்த ஒருவன் ஈரறிவுயிர் ஒன்றைத் தன் கூடத்தில் வைத்துக்கொண்டால், எஞ்சிய நான்கறிவையும் அவனே அதன்பொருட்டுச் செலவிட வேண்டும் அன்றோ?

அதன் உடல் ஒரு குழல் போன்றது. கீழே பாறையைப் பற்றும் அடி, மேலே வாய், வாயைச் சூழ நச்சு முட்களைத் தாங்கிய உணர்கொம்புகள். உண்பதும் கழிப்பதும் அவ்வொரு வாயாலேயே. எலும்பில்லாத அவ்வுடல் தன்னைச் சூழ்ந்த நீரை உள்ளே நிரப்பிக்கொண்டே நிமிர்ந்து நிற்கின்றது. ஆகலின் தொட்டியின் நீரும் அதன் உடலின் நீரும் வேறு வேறல்ல. மீன் தன் உடலின் உப்பைத் தானே ஓரளவு அடக்கி ஆளும்; சாமந்திக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரே தொட்டியில் மீன் துள்ளி விளையாடச் சாமந்தி மட்டும் சுருங்கிக் கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

மற்றொன்றும் அறியத்தக்கது. வெப்பக் கடலின் பாறைகளில் வாழும் பெருஞ்சாமந்திகளின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடந்தந்த சாமந்திக்கு அளிக்கும். நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினும், ஒளி திடீரென மிகினும் குறையினும் இவ்வுறவு முறியும், பாசிகள் வெளியேற்றப்படும், பழுப்பும் பசுமையுமாய் இருந்த உடல் வெளுத்துவிடும். வெளுத்த சாமந்தியை அழகியது என்று எண்ணி விலைகொடுத்து வாங்குவாரும் உளர். அவ்வெண்மை பட்டினியின் நிறம் என்பதை அவர் அறியார். சாயமேற்றி விற்கப்படுவனவும் உண்டு. அச்சாயத்தின் கீழும் அதே பட்டினியே இருக்கும்.

இனி, மெலிவின் அறிகுறிகள் யாவை? சாமந்தி ஒரு பொழுது சுருங்குவது நோயன்று. கழிவை வெளியேற்றுதற்கு நீரை உமிழ்ந்து சுருங்கிப் பின் தானே விரிதல் அதன் இயல்பு. நாட்கணக்கிற் சுருங்கியே கிடத்தல், வாய் மூடாது திறந்து தொங்குதல், உணர்கொம்புகள் பிசுபிசுப்பின்றி இரையைப் பற்றாமை, அடி பாறையை விட்டு நழுவி நீரோட்டத்தில் உருளுதல், நிறம் வெளுத்தல் என்னும் இவையே நோயின் குறிகள். உடல் கரைந்து, நாற்றமும் எழுமாயின் அஃது இறந்தது என்று கொண்டு அப்போதே அப்புறப்படுத்துக. தாமதிப்பின் அதன் அழிவு நீரை நஞ்சாக்கி ஏனை உயிர்களையும் கொல்லும்.

நோயின் காரணத்தை எம் நாட்டோடு பொருத்திக் காண்போம். முதற்காரணம் வெப்பம். இவ்வுயிர்க்கு ஏற்றது 25 முதல் 27 டிகிரி வரையிலான நீர். சித்திரை வைகாசியில் எம் ஊரில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். மூடிய கூடத்துத் தொட்டியில் நீர் 31, 32 என ஏறிவிடும். இரண்டாவது காரணம் நீர் வற்றுதல். வறண்ட காற்று தொட்டியின் நீரை நாள்தோறும் உறிஞ்சும்; நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை மீண்டும் உப்புநீரால் நிரப்புவோர் அறியாமலே உவர்ப்பை ஏற்றுகின்றனர். தூய நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் கடல்நீரின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.025 ஆகும்; 1000 கிராம் கடல்நீரில் 35 கிராம் அளவு உப்பு உண்டு. திரவமானி கொண்டு இதனை அளந்து பாராது கண்ணளவை நம்புதல் தீது. மூன்றாவது காரணம் ஊற்றும் நீர். எம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் உவரும் கடினத்தன்மையும் உடையது. அதனுள் வேறு கரைபொருள்களும் இருக்கும். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரே ஏற்றது.

நான்காவது காரணம் கேட்போர்க்கு வியப்பளிக்கும். செப்புக்குடத்து நீர் உடலுக்கு நன்று என்பது நம் இல்லங்களில் வழங்கும் நம்பிக்கை. ஆயின் முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்குச் செம்பு கொடிய நஞ்சு. செப்புக் கலத்தில் நின்ற நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது; மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கென விற்கும் செம்பு கலந்த மருந்தையும் சாமந்தி உள்ள தொட்டியில் இடலாகாது. நமக்கு நன்மை செய்வது யாவர்க்கும் நன்மை செய்யும் என்று எண்ணுதல் அன்பின் குறையன்று, அறிவின் குறை. ஐந்தாவது காரணம் மனிதரின் கை. வந்த விருந்தினர்க்கெல்லாம் காட்டுதற்பொருட்டுச் சாமந்தியைத் தொடுதலும், இடம் மாற்றுதலும், குச்சியால் தூண்டுதலும் அதன் எஞ்சிய வலிமையையும் போக்கும்.

காரணம் அறிந்தால் மருத்துவம் எளிது. மருந்து வேண்டுவது நீர்க்கேயன்றி உயிர்க்கன்று. முதலில் வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்தறிக. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இல்லாமை காண்க. இருப்பின், அதே வெப்பமும் அதே உவர்ப்பும் உடைய புதுநீர் கொண்டு பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என நீரை மாற்றுக. உவர்ப்பு மிகுந்திருப்பின் ஒரே நாளில் இறக்காது பல நாட்களாகச் சிறிது சிறிதாக இறக்குக. நோயினும் விரைந்த மருத்துவம் கொடிது. பம்பின் வாயைக் கடற்பஞ்சாலேனும் வலையாலேனும் மூடுக. நழுவித் திரியும் சாமந்தி அதில் அகப்பட்டுச் சிதைதல் அடிக்கடி நிகழ்வது. கோமாளி மீன் மெலிந்த சாமந்தியை ஓயாது உரசுமாயின் சில நாள் அதனைப் பிரித்து வைக்க. வெளுத்த உடல்மேல் மிகுந்த ஒளியைப் பாய்ச்சாது, மென்மையான ஒளியில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுக. வாய் மூடி, கொம்புகள் பற்றும் நிலை வந்த பின்னரே உணவளிக்க; அதுவும் நகத்தளவினும் சிறிய மீன் அல்லது இறால் துண்டு, வாரம் இருமுறை. உண்ணாது விட்டதை உடனே எடுத்துவிடுக. மின்சாரம் நிற்கும் பொழுதுக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்று வைத்திருத்தல் நன்று.

வெப்பத்தைத் தணித்தற்கு எம் நாடே ஒரு வழி கற்பிக்கின்றது. மண்பானை கோடையில் எவ்வாறு குளிர்கின்றது? அதன் மேனியிற் கசியும் நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. அவ்வாறே தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியின் காற்றை வீசச் செய்தால் 2, 3 டிகிரி இறங்கும். காற்று ஈரமாயிருக்கும் கடற்கரை ஊர்களினும் வறண்ட எம் ஊரில் இம்முறை நன்கு பயன்படும். ஆயின் வற்றும் நீரும் மிகும்; அதனை உப்பில்லாத தூய நீரால் நாள்தோறும் ஈடுசெய்தல் வேண்டும். வாட்டுகின்ற வறட்சியையே மருந்தாக்கிக்கொள்ளும் வழி இது.

இவை ஏட்டளவில் நில்லாமை யாம் கண்டது. அருப்புக்கோட்டையில் எம் மாமன் இல்லத்தில் 200 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று உண்டு. கோடையில் அதிலிருந்த சாமந்தி சுருங்கி, வாய் திறந்து, பாறையை விட்டு நழுவிற்று. அளந்தபோது நீரின் வெப்பம் 31 டிகிரி, ஒப்படர்த்தி 1.030. நாள்தோறும் சிறிது உப்புநீரை வெளியே எடுத்து அதே அளவு தூய நீரை ஊற்றி, ஐந்து நாளில் 1.025க்கு இறக்கினர், விசிறி வைத்து 28 டிகிரிக்குத் தணித்தனர். வீட்டிலிருந்த பாட்டியார், "வாடிப்போன பிள்ளைக்கு வேளைக்கு வேளை ஊட்ட வேண்டாமா?" என்று இறால் துண்டோடு நின்றார், அவரைத் தடுப்பதே பெரும்பாடாயிற்று. மூன்றாம் நாள் வாய் மூடிற்று; எட்டாம் நாள் அடி மீண்டும் பாறையைப் பற்றிற்று; நிறம் திரும்ப இரண்டு திங்கள் ஆயின. அவ்விரண்டு திங்களிலும் செய்த பெருந்தொண்டு யாதெனின், அளப்பதும் பொறுப்பதும் தொடாதிருப்பதுமேயாம்.

ஈண்டு ஒரு தடை எழும். குடிநீர்க்கு மக்கள் காத்து நிற்கும் நாட்டில், ஒரு பூப்போன்ற உயிர்க்கு நீரையும் மின்சாரத்தையும் செலவிடுதல் அறமாகுமோ? இத்தடையை யாம் எளிதாகத் தள்ளவில்லை. 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்ற 20 லிட்டர் வேண்டும்; அஃது ஏறக்குறைய ஒன்றரைக் குடம். ஆவியாவதை ஈடுசெய்யும் நீர் வேறு. இயந்திரம் ஒரு குடம் வடிக்குங்கால் அதனினும் மிக்க நீரைக் கழிவாக வெளியேற்றும். அக்கழிவைச் சாக்கடையில் விடாது பாத்திரம் துலக்கவும் தளம் கழுவவும் பயன்படுத்துதல் வேண்டும். இவ்வளவும் செய்ய இயலாத இல்லத்தில், அண்டை வீட்டார் குடத்தோடு அலையும் தெருவில், இத்தகைய தொட்டி வேண்டா என்பதே எம் கருத்து. ஆயின் முன்னரே வாங்கி வைத்த உயிரை, நீர் அரிது என்று சாகவிடுதலும் அறமன்று. அதனைப் பேண வல்லார் கையில் ஒப்புவித்தலே தக்கது. வாங்குமுன் எழ வேண்டிய வினாவை வாங்கிய பின் எழுப்பி, அதன் விடையை ஊமை உயிரின் தலையிற் சுமத்தலாகாது.

இவ்வினாவை உலகம் முன்னரே சந்தித்துள்ளது. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் கடலுயிர்களைக் கண்ணாடியில் வளர்க்கும் முறையைப் பரப்பியவர்களுள் தலைசிறந்தவர். 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதற் பொது நீர்வாழ் உயிர்க்கூடம் அமைந்ததில் அவர்க்குப் பங்குண்டு. 1860-இல் கடற்சாமந்திகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். பாறைக் குழிகளிற் படைத்தவரின் கைத்திறனைக் காணுமாறு மக்களை அழைத்தார். மக்களும் வந்தனர், ஆயின் உளியும் கூடையும் கொண்டு வந்தனர். சில ஆண்டுகளுக்குள் தென்மேற்கு இங்கிலாந்தின் கரையோரக் குழிகள் வெறுமையாயின. அவ்வழிவு கண்டு தந்தையார் வருந்தியதை அவர் மகனார் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். அன்பு பெருகியமையால் ஒரு கரையே அழிந்த வரலாறு இது.

இதற்கு மறுதலையான வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்தில் சர் ஜான் டாலியெல் என்பார் 1828-ஆம் ஆண்டிற் கடற்கரையிலிருந்து ஒரு சாமந்தியைக் கொணர்ந்து சிறு கண்ணாடிக் கலத்தில் வைத்தார். அது குளிர்கடற் சாதி. விளக்கும் இயந்திரமும் வேண்டாதது. கடல்நீரை மாற்றுவதும் அளவாக உணவிடுவதுமே அதற்குச் செய்த பணி. 1851-இல் டாலியெல் காலமானார். சாமந்தியோ ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி 1887 வரை வாழ்ந்தது. கலத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் ஈன்றது. வளர்ப்பவனுக்குப் பின்னும் வாழத்தக்க உயிரை நம் கடையிலிருந்து வாங்கிச் சில திங்களிற் குப்பையில் எறிவோமாயின், குறை அவ்வுயிரினிடத்தா, நம்மிடத்தா?

நம் நாட்டிலும் 1909-இலேயே சென்னைக் கடற்கரையில் நீர்வாழ் உயிர்க் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. எம் வறண்ட நாட்டுக்கு அண்மைக் கடலாகிய மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிற் கடல் சூடேறியமையால் வெளுத்தன. மாமன் வீட்டுத் தொட்டியிற் சாமந்திக்கு வெப்பத்தால் நேரும் வெளுப்பே அக்கடலிலும் பவளத்திற்கு நேர்ந்தது. வேறுபாடு ஒன்றே: தொட்டிக்கு விசிறி வைக்கலாம், கடலுக்கு யார் விசிறி வைப்பார்? ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று நாம் எளிதாகப் பேசும் வெப்பம் ஓருயிர்க்கு எத்துணைப் பெரிது என்பதைக் கண்ணாடித் தொட்டி ஒன்று நம் கூடத்திலேயே காட்டிவிடுகின்றது.

ஆகலின் எம் கருத்தைத் தொகுத்துக் கூறுவோம். உப்புத்தொட்டி அமைத்து ஆறு திங்களேனும் அதன் நீர் நிலைபெறாமுன் கடற்சாமந்தியை வாங்கலாகாது. வாங்குங்காற் கடலிலிருந்து பெயர்த்ததை விடுத்து, தொட்டியிலேயே பிரிந்து பெருகியதையே வாங்குக. சில சாதிகள் தாமே இரண்டாகப் பிரிந்து பெருகும் இயல்பின. அதனோடு வளர்க்கும் கோமாளி மீனும் தொட்டியிற் பிறந்ததாகவே இருக்கட்டும். அதனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுள்ளனர். வாங்கிய பின் அது வாடுமாயின், அதனைக் குறைகூறாது நீரை அளக்க. அளக்கும் பொறுமை இல்லாதவர் இவ்வுயிரை விரும்பாதிருப்பதே அதற்குச் செய்யும் பேருதவி.

மாணவத் தோழர்காள்! ஆதியாகமத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதனைச் சூறையாடுதற்கன்று, உழுது பேணுதற்கே. விலை மலிந்த குருவியையும் இறைவன் மறப்பதில்லை என இயேசுபெருமான் அருளினார். விலை மலிந்த குருவிக்கு உரியது குரலில்லாத சாமந்திக்கும் உரியதே. படைப்பின்மேல் ஆட்சி பெற்றோம் என்று மகிழ்வோர், அவ்வாட்சி முதலிற் கேட்பது ஒரு திரவமானியையும், ஒரு குடம் தூய நீரையும், தொடத் துடிக்கும் கையை அடக்கும் பொறுமையையும் என்பதை உணர்வாராக. இம்மூன்றையும் கற்றவர் நாளை நோயுற்ற மனிதரின் அருகே அமர்ந்திருக்கவும் தகுதியுடையராவர் என்பது எம் நம்பிக்கை.